திரையில் இறங்கு பூரான்

சுவரில் இருந்த திரையில் சிவப்பு எரிந்ததும் பால் ஊற்ற நின்ற வரிசை கப்சிப் ஆனது.

மலையாள எல்லைக்குள் இருக்கும் ஆலாங்கடவு பால் சொசைட்டியில் காலை நேரத்தில் அப்படியோர் அமைதி வர வேண்டுமென்றால், ஊரில் யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் சாகவில்லை. பிரசிடெண்டு பூபதிராஜா வீட்டுப் பால் மெஷினுக்குள் போய், மெஷின் சொன்னது கம்ப்யூட்டருக்குள் போய், கம்ப்யூட்டர் அதைச் சுவரில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டது: "தண்ணீர் கலந்த பால்."

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. சுவரில் எழுதிக் காட்டியதுதான் புதுசு.

"ஏம்மிணி, இதென்ன கலரு?" என்றார் பூபதிராஜா.

"சிவப்புங்க," என்றாள் அனுப்பிரியா.

"அது தெரியுது. என்ற பாலுக்கு எதுக்குச் சிவப்பு?"

"தண்ணியக் கண்டா சிவப்புக் காட்டச் சொல்லி எழுதியிருக்கறனுங்க. இவரு பிரசிடெண்டு, இவரு சும்மா மெம்பருன்னு அதுக்கு வித்தியாசந் தெரியாதுங்க."

வரிசையில் நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அனுப்பிரியா தன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சித்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, பைத்தானில் உட்கார்ந்து எழுதி, சொசைட்டிக்கு இந்த ப்ரோக்ராமை அவளே செய்து கொடுத்தாள். செய்து கொடுத்தும் இன்னும் தற்காலிகம்தான். பால் வளத்துறை ஆபீசர் ஆய்வுக்கு வரும் அன்றைக்கு அந்த வேலையை ஒருவருக்கு ஸ்திரமாக்குவதாக போர்டில் முடிவு. அந்த ஒருவர் அவளா, இல்லை பிரசிடெண்டின் தங்கச்சி மகன் கோகுல்நாத்தா என்பது மட்டும்தான் பாக்கி. கோகுல்நாத் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படித்தவன். படித்து முடித்தவன் என்று அவனுடைய அம்மாகூடச் சொல்ல மாட்டாள்.

"இந்தக் கலர மாத்த முடியாதா?" என்றார் பூபதிராஜா, குரலைத் தணித்து.

இங்கேதான் அனுப்பிரியா வாயைக் கொடுத்தாள். படித்ததைச் சொல்ல ஊரில் ஆள் கிடைக்காதவர்களுக்கு வரும் வியாதி அது.

"அது நிமிசத்து வேலைங்க. ப்ரோக்ராமு வேற, ஜன்னலு வேற. நீங்க பாக்கற இந்த ஜன்னல டிசைனர்ங்கற சாமான்ல வரைஞ்சு தனி ஃபைலா வெச்சிருக்கறேன். ப்ரோக்ராமு தொறக்கறப்பத்தான் அந்த ஃபைல எடுத்து ஏத்திக்கும். கலர மாத்தோணுமா, பட்டன நகத்தோணுமா, அந்த ஃபைல மாத்துனாப் போதும். ப்ரோக்ராமுல கையே வெக்க வேண்டாம். ஆரு வேண்ணாலும் மாத்தலாமுங்க!"

"ஆரு வேண்ணாலுமா?"

"ஆரு வேண்ணாலும்."

பூபதிராஜா திரும்பி, பைக்கில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்தார்.

"கலர மாத்தறனுங்க," என்றாள் அனுப்பிரியா. "ஆனா நம்பர மாத்த மாட்டேன்."

சிவப்பு பச்சையானது. சாயங்காலம், "தண்ணீர் கலந்த பால்" என்பது பச்சையில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கு அந்தியில் மாட்டுக் கட்டுத்தாரையில் அம்மா நாச்சம்மாள் பால் பீய்ச்சிக்கொண்டே கேட்டாள்.

"ஆரு வேண்ணாலும் மாத்தலாம்னு சொன்னயாமா?"

"ஆமா. அதுதான் நல்ல ப்ரோக்ராமு."

"அப்பறம் உன்னய எதுக்குடி அவிங்க ஸ்திரமாக்கோணும்?"

அனுப்பிரியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கென்னம்மா தெரியும்? படிச்சவிங்க அப்பிடித்தான் எழுதுவாங்க. வேலையப் பூட்டி வெச்சுட்டு சாவிய இடுப்புல சொருகிக்கறதெல்லாம் பழைய காலம்."

நாச்சம்மாள் பால் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் இன்னொரு மாடு அன்றைக்குத்தான் கன்று போட்டிருந்தது. அதைப் போய்ப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ப்ரோக்ராம் திறக்கவே இல்லை.

அனுப்பிரியா தலையைப் பிய்த்துக்கொண்டு ஃபைலைத் திறந்து பார்த்தாள். பால் ஏற்கும் பட்டனுக்கு உள்ளே அவள் வைத்திருந்த பெயர் போய், "பூபதிராஜா" என்று இருந்தது.

"மாமன் பேர வெச்சா ஒரு மரியாதையா இருக்குமேன்னு..." என்றான் கோகுல்நாத்.

"அது வெளிய தெரியற பேரு இல்ல. ஜன்னல ஏத்துனதும் ப்ரோக்ராமு உள்ள எல்லாத்தையும் பேரு சொல்லித்தான் தேடிப் புடிக்கும். நான் வெச்ச பேரத் தேடுது, அங்க ஆளில்ல. உங்க மாமன ஆருன்னு என்ற ப்ரோக்ராமுக்குத் தெரியாது."

"ஆரு வேண்ணாலும் மாத்தலாம்னு நீதான சொன்ன?"

அனுப்பிரியா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். பெயரைத் திருத்தினாள். இன்னொரு வேலையும் செய்தாள். இனி யார் எதைக் கெடுத்தாலும் ப்ரோக்ராம் செத்து விழக்கூடாது. ஜன்னல் ஏறும்வரை திரையில் ஒரு வளையத்தைச் சுற்றவிட்டு, ஏறாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தாள். சாமர்த்தியம் என்று நினைத்துத்தான் செய்தாள்.

சாயங்காலம் கோகுல்நாத் மறுபடியும் ஏதோ பெயரை மாற்றியிருந்தான். சுவரில் வளையம் சுற்றியது. சுற்றியது. வரிசை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அனுப்பிரியா மேசைக்கு அடியில் குனிந்து, பிடுங்கிக் கிடந்த ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாத்தா மாட்டு நெத்திச் சுழியாட்டமே இருக்குதுங்க."

அவ்வளவுதான். சுழி பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்குவதில்லை. எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதை வைத்து, அந்த மாடு வந்தால் வீடு நிறையுமா, வீட்டுக்காரன் போவானா என்று சொல்லிவிடுவார்கள். பூபதிராஜாவின் முகம் மாறியது.

"டேய் கோகுலு, வண்டிய எடு. குப்பண்ணனக் கூட்டியா."

குப்பண்ணன் சந்தை சந்தையாகப் போய் மாட்டுக்குச் சுழி பார்த்துச் சொல்கிறவர். கோகுல்நாத்தின் பைக்கில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே அனுப்பிரியாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இது கோகுல்நாத் வைத்த ஆள். தன்னை விரட்டுவதற்கு ஏவிவிட்டிருக்கிறான்.

குப்பண்ணன் திரைக்கு முன்னால் நின்று அதைத் தடவிக் கொடுத்தார். பின்பக்கம் போய், வாலைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். கீபோர்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பல்லெல்லாம் மொளச்சு முடிஞ்சுதுங்க. கெழட்டுச் சாமான்."

அது உண்மைதான். 

"சுழி எப்பிடிங்க?" என்றார் பூபதிராஜா.

"நட்ட நடு நெத்தியில வந்து உக்காந்திருக்குதுங்க. பெண்டிழந்தான் சுழி. இது இருக்கற எடத்துல மொதலாளிக்குப் பொண்டாட்டி தங்காதுங்க."

பூபதிராஜாவின் முகத்தில் பயம் வந்தது. வருவதற்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்ததாக வரிசையில் நின்றவர்கள் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்க பெரியவரே," என்றாள் அனுப்பிரியா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அது சுழி இல்லீங்க. ஜன்னலு இன்னும் ஏறலைன்னு காட்டறதுக்கு நான் வெச்ச படம்."

"மாட்டுக்குங்கூட ஆரோ வெச்சதுதான் கண்ணு."

வளையத்தை மேல் மூலைக்கு நகர்த்தினாள். முக்கண் சுழி, அதுவும் ஆகாது என்றார். கீழே இறக்கினாள். துடைப்பச் சுழி, சொசைட்டியையே கூட்டி வழித்துக்கொண்டு போய்விடும் என்றார். ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து, மாற்றி, சேமித்து, ப்ரோக்ராமை மூடித் திறந்து காட்டினாள். கோகுல்நாத் ஒருமுறை, "நான் மாத்தட்டுமா மாமா?" என்று எட்டிப் பார்த்து, வளையத்தோடு சேர்த்துப் பட்டனையும் அழித்துவிட்டான். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவனுக்கு வெளியே வேலை இருந்தது.

அந்தியில் வீட்டுக்கு வந்தவள் சீம்பாலைத் தேடினாள். கருப்பட்டி போட்டு அவளுக்கென்று ஒரு சொம்பு எடுத்து வைப்பது வழக்கம்.

"அம்மா, சீம்பாலு எங்க?"

"பூனை குடிச்சிருச்சு."

"சொம்போடயா?"

"பெரிய பூனை," என்றாள் நாச்சம்மாள். பிறகு, வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, அந்த வளையத்துக்குப் பதிலு வேற ஒண்ணும் வெக்க முடியாதா?"

"பட்டையொண்ணு வெக்கலாம். அடைச்சுக்கிட்டே போகும். படுக்கவும் வெக்கலாம், நிமித்தியும் வெக்கலாம். உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"சும்மாதான். வரிசையில நிக்கறப்பப் பேச்சுக்கு வேணுமல்லோ."

அடுத்த நாள் குப்பண்ணன் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"சுழியே வேண்டாமுங்க. எடுத்துட்டு, மாட்டு முதுகுல மயிரு கோடாட்ட ஓடுமே பூரான், அதாட்ட நீளமா ஒண்ணு வெச்சுருங்க."

பட்டையைப் படுக்க வைத்தாள். படுத்த பூரான், மாடு எழுந்திருக்காது என்றார். நிமிர்த்தினாள். அதற்குள் கோகுல்நாத் டிசைனரில் எதையோ அமுக்கியிருந்ததால், பட்டை மேலிருந்து கீழாக நிரம்பிக்கொண்டு வந்தது. வரிசையில் இருந்த பாதிப் பேர் "ஐயோ" என்று கண்ணை மூடினார்கள்.

"இறங்கு பூரான்!" என்றார் குப்பண்ணன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "குடும்பமே எறங்கிருமுங்க."

தலைகீழாகத் திருப்பினாள். பட்டை கீழிருந்து மேலே ஏறியது.

"ஏறு பூரான்! இது ராசிங்க!"

வரிசையில் முதலில் நின்ற சரஸ்வதியம்மாள் பால் போணியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூபதிராஜாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"இது இன்னுங் கொஞ்சம் மெதுவா ஏறட்டும். எல்லாரும் பாக்கட்டும். ஏறி முடியற வரைக்கும் ஆரும் பாலு ஊத்தக் கூடாது, ஆமா!"

பழைய கம்ப்யூட்டரில் ஜன்னல் ஏறுவதற்கே நேரமாகிறது என்றுதான் அவள் ராத்தூக்கம் கெட்டு வேகப்படுத்தி வைத்திருந்தாள். இப்போது அதை மெதுவாக்குவதற்கு உட்கார்ந்து எழுதினாள். வரிசை ரோட்டைத் தாண்டிப் பலாமரம் வரைக்கும் நீண்டது.

வீட்டில் அவள் சோற்றைப் பிசையவே இல்லை.

"கோகுலு வெச்ச ஆளும்மா அந்தக் கெழவன். என்னயத் தொரத்தறதுக்குன்னே தெனம் ஒண்ணு சொல்றான். ஆபீசரு வர்றப்ப நான் பூரான் வரைஞ்சுட்டு உக்காந்திருப்பேன். வேலை அவனுக்குத்தான். பாரு வேண்ணா!"

"எல்லார்த்துக்கும் ஒரே ஜன்னலுதானா அதுல?" என்றாள் நாச்சம்மாள்.

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற? ஒவ்வொரு மெம்பருக்கும் ஒவ்வொரு ஜன்னலுகூட ஏத்தலாம்! நம்பர அடிச்சதும் அந்த நம்பரு ஃபைல எடுத்து ஏத்திக்கும். ஏத்திட்டு நான் பைத்தியம் புடிச்சு வேலந்தாவளம் செக்போஸ்டுல நின்னு வண்டி நிறுத்தலாம்!"

"ஓஹோ," என்றாள் நாச்சம்மாள்.

மறுநாள் குப்பண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை. வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க, ஊருல இருக்கற மாட்டுக்கெல்லாம் ஒரே சுழியா? ஒரே ராசியா? எல்லார்த்துக்கும் ஒரே ஜன்னல வெச்சா எப்பிடிங்க வெளங்கும்?"

அதற்குப் பிறகு நடந்ததை அனுப்பிரியா நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. ஒருத்தருக்கு ஜன்னலின் ஓரத்தில் அவருடைய காளையின் படம் வேண்டும். சரஸ்வதியம்மாளுக்கு மருமகன் பேர் எங்கேயும் வரக்கூடாது. ஒருத்தர் தன் பங்காளியின் ஜன்னலைவிடத் தன்னுடையது ஒரு விரக்கடை பெரிசாக இருக்க வேண்டும் என்றார். பங்காளி அதைக் கேள்விப்பட்டு ஓடி வந்தார். பூபதிராஜா தன்னுடைய போட்டோவை, மாலை போடாமல், ஜன்னல் நிறைய வைக்கச் சொன்னார்.

அவளும் ஆத்திரத்தில் வரைந்து தள்ளினாள். உள்ளே ஒவ்வொரு பட்டனுக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் வாயில் வந்த பெயரை வைத்தாள். எந்த ஜன்னலில் எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சில பெயர்களை வீட்டில் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள்.

ஆய்வு நாள் வந்தது. ஆபீசர் டின்சி மேடம் கோட்டயத்துக்காரர்; அவருடைய தமிழில் பாதி மலையாளம். ஜீப்பிலிருந்து இறங்கி, பலாமரம் வரை நின்ற வரிசையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தா இவிடெ? திருவிழாவா?"

 கோகுல்நாத் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரிவிட்டு நின்றிருந்தான்.

சரஸ்வதியம்மாள் போணியை நீட்டினார். அனுப்பிரியா நம்பரை அடித்தாள். பூரான் ஏறியது. சரஸ்வதியம்மாளின் ஜன்னல் வந்தது: மேலே அவருடைய மாட்டின் படம், அதற்குக் கீழே இன்றைய பால், நேற்றைய பால், கொழுப்பு, எல்லாம் தமிழில், கண்ணாடி போடாமலே தெரிகிற எழுத்தில். அடுத்தவருக்கு அவருடைய ஜன்னல்.

டின்சி மேடம் முகம் மலர்ந்து முன்னால் வந்தார்.

"இது கொள்ளாமல்லோ! ஓரோ ஆளுக்கும் ஓரோ விண்டோ! நான் போன ஒரு சங்கத்திலும் இது கண்டிட்டில்ல. ஆரு செஞ்சது?"

"எங்க சொசைட்டிதானுங்க மேடம்," என்றார் பூபதிராஜா, முந்திக்கொண்டு. "என்ற ஐடியா. இதா பாருங்க, என்றது."

அவருடைய பால் மெஷினுக்குள் போனது. பூரான் ஏறியது. ஜன்னல் நிறைய பூபதிராஜா சிரித்தார். அவருடைய மீசைக்குச் சரியாகக் கீழே, போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியதுபோல், எழுத்து வந்தது: "தண்ணீர் கலந்த பால்."

வரிசை முழுக்க இருமல். பலாமரம் வரைக்கும் இருமல்.

"கோகுலு! அத எடுறா!"

கோகுல்நாத் பாய்ந்து உட்கார்ந்து டிசைனரைத் திறந்தான். மாமன் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைப் பிடித்து அழித்தான். சேமித்தான். திறந்தான். பூரான் பாதியில் நின்றுகொண்டது. அது இறங்கவுமில்லை, ஏறவுமில்லை.

"எந்தா இது வராத்தது?" என்றார் டின்சி மேடம்.

"அவரு அழிச்சாரே, அந்த எழுத்துக்கு உள்ள 'உண்மை'ன்னு பேரு வெச்சிருக்கறனுங்க மேடம்," என்றாள் அனுப்பிரியா. "அது இல்லாம இவரு ஜன்னலு ஏறாதுங்க."

"சரியாக்கான் ஆருக்கு அறியும்?"

கோகுல்நாத் தரையைப் பார்த்தான். அனுப்பிரியா உட்கார்ந்து, இரண்டே தட்டில் எழுத்தைத் திரும்ப வைத்தாள். பூபதிராஜா மறுபடியும் சுவரில் சிரித்தார், எழுத்தோடு.

டின்சி மேடம் பிரசிடெண்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"பிரசிடெண்டே, இந்தப் பெண்குட்டி இல்லாமல் இது ஒரு நாள் ஓடுமோ?"

"ஓடாதுங்க," என்றார் பூபதிராஜா. தன் படத்தைப் பார்க்காமல் பேசுவதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கில் ஸ்திரம் ஆக்கு. இப்போள் தன்னெ ஒப்பிடு. பாலின்ற காரியம் நமுக்குப் பின்னெ சம்சாரிக்காம்."

பால் விஷயம் பிறகு பேசப்படும் என்றதும் பூபதிராஜா எவ்வளவு வேகமாகக் கையெழுத்துப் போட்டார் என்றால், பேனா மூடியைக் கழற்ற மறந்து ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினார்.

ஜீப் போனது. அனுப்பிரியா உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பலாமரத்தடியில் குப்பண்ணன் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும் என்று அவரிடம் போனாள்.

"பாத்தீங்களா பெரியவரே? உங்க சுழியும் பூரானும் கோகுலுக்கு வேலை வாங்கிக் குடுத்துதுங்களா? எனக்குத்தான் ஸ்திரம்! இனி நீங்க எந்த மாட்டு வாலையாச்சும் போயித் தூக்குங்க!"

குப்பண்ணன் கோபப்படவில்லை. தோளில் தொங்கிய மஞ்சப்பைக்குள் கையை விட்டுத் துழாவி, கழுவித் துடைத்த ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இத உங்கம்மாகிட்டக் குடுத்துரு கண்ணு. சீம்பாலு நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. நாளைக்கு நான் எந்த மூலைய மாத்தச் சொல்லோணும்னும் கேட்டுட்டு வந்துரு."